சின்ன எல்

ஆம்பூர்
17 ஜூன் 1987

அன்புள்ள ஜெயசீலிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோதே சொல்லலாம் என்று இருந்தேன். பாப்பா உன் மடியை விட்டு இறங்கவில்லை. அதற்குள் உனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ஆபீஸ் எழுதிக் கொடுத்த புரோகிராம் எங்கள் தோல் கம்பெனியில் ஓட ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டருக்கென்று ஏசி போட்ட தனி அறை. மேனேஜர் ரத்தினசாமி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார். உன் பெயரைச் சொல்லி இந்த வேலையை உங்கள் ஆபீசுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான் என்பதில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் வரைக்கும்.

நானும் ஜெபராணியும் தோல் கட்டுகளின் நம்பர் எழுதிய லாட் சீட்டுகளை ஆளுக்குப் பாதியாக மெஷினில் அடிக்கிறோம். அவளை உனக்குத் தெரியாது. பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், வேலூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். சாயங்காலம் மெஷின் ஒரு தாளைத் துப்புகிறது. யார் அடித்ததில் எத்தனை ரிஜெக்ட் என்று அதில் இருக்கிறது. அவளுக்கு ஒன்றோ இரண்டோ. எனக்குப் பக்கம் முழுக்க.

காரணம் எனக்குத் தெரிகிறது. என் பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குக் கீயே கிடையாது. ஒன்று வேண்டுமென்றால் இங்கிலீஷ் சின்ன எல், அந்த l எழுத்தைத்தான் தட்டுவோம். இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான். மண்டைக்குப் புரிந்தாலும் விரல் கேட்கமாட்டேன் என்கிறது.

நேற்று ரத்தினசாமி கூப்பிட்டுச் சொன்னார்: "மெஷின் வந்தாச்சு ஆபேல். ரெண்டு ஆள் இன்னாத்துக்குன்னு முதலாளி கேக்கறாரு. கொஞ்ச நாள் பாக்கறேன். யாருக்கு ரிஜெக்ட் கம்மியோ அவங்க இருக்கட்டும்."

எல் வந்தால் ஒன்று என்று மெஷின் எடுத்துக்கொள்ளும்படி நீ ஒரு வரி போட முடியாதா?

ஆபேல்


பெங்களூர்
22 ஜூன் 1987

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை ஆபீசில் வைத்தே படித்தேன். படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுத்துகளைச் சோதிப்பதற்கென்று சில கேள்விகள் தயாராக இருக்கின்றன. isdigit என்றால் 'இது எண்ணா?' isalpha என்றால் 'இது எழுத்தா?' islower என்றால் 'சின்ன எழுத்தா?' நீங்கள் தட்டும் ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்திக் கேட்கிறோம். ஆமாம் என்றால் உள்ளே விடுகிறோம், இல்லையென்றால் ரிஜெக்ட். லாட் நம்பரில் முதலாவது எழுத்தாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். அப்படித்தான் உங்கள் மேனேஜர் எழுதிக் கொடுத்தார். நம் கண்ணுக்கு எல்லும் ஒன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மெஷின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு சின்ன எல் 108, ஒன்று 49. அவ்வளவு தூரம்.

நீங்கள் கேட்ட வரியை எழுத எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் எழுதக் கூடாது. தப்பாக வந்ததைத் தப்பு என்று சொல்வதற்குத்தான் அந்தச் சோதனையே இருக்கிறது. வந்ததை நாமே மாற்றி உள்ளே அனுப்பிவிட்டால் அப்புறம் எதற்குச் சோதனை?

தயவுசெய்து கோபப்படாதீர்கள். எல் கீ மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவையுங்கள். விரலுக்கு அது தட்டுப்படும். சீக்கிரம் பழகிவிடும்.

பாப்பாவின் கவுனை அளவெடுத்து அனுப்புங்கள்.

ஜெயசீலி


ஆம்பூர்
1 ஜூலை 1987

ஜெயசீலிக்கு,

பிளாஸ்திரி ஒட்டினேன். ரத்தினசாமி பார்த்துவிட்டு, "இன்னா ஆபேல், மெஷினுக்குக் காயமா?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெபராணி மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டாள். அதுதான் இன்னும் சுட்டது.

நீ ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டுவிட்டு பெங்களூர் போகிறேன் என்று சொன்னபோது நான் ஒரு வார்த்தை தடுத்தேனா? சபையில் கேட்காத ஆள் இல்லை. பாப்பாவுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? நான் ஆபீஸ் போனால் பக்கத்து வீட்டு நசீமுன்னிசாதான் அவளுக்குச் சோறு போடுகிறாள். நேற்று அவளும் கேட்டுவிட்டாள்: "ஜெயா இந்த மாசமும் வரலியா? குழந்த பேஜார் பண்ணுது." என்ன பதில் சொல்வது?

உன்னிடம் நான் சேலை கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. ஒரு வரி கேட்டேன். எனக்குப் பாடம் எழுதி அனுப்பியிருக்கிறாய். 108, 49. நான் உன் ஸ்கூல் பிள்ளையா?

வேலை போய்விட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். அப்போது உனக்கும் நிம்மதியாக இருக்கும். இந்த மாதம் நீ வர வேண்டியதில்லை.

ஆபேல்


பெங்களூர்
10 ஜூலை 1987

இத்துடன் வரும் ஆளிடம் ஒரு ஃப்ளாப்பி கொடுத்திருக்கிறேன். பிரிண்ட் சரியாக வருவதற்கான திருத்தம் என்று உங்கள் மேனேஜருக்குத் தனிக் கடிதம் இருக்கிறது. அதையும் செய்திருக்கிறேன், பொய் இல்லை.

நீங்கள் கேட்டதும் அதில் இருக்கிறது. சோதனைக்கு முன்னால், யாரும் போய்ப் பார்க்காத ஓர் ஓரத்தில் வைத்திருக்கிறேன். என் சீனியருக்கும் தெரியாது. இதைப் பற்றி எனக்கு எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம்.

இந்த மாதம் வரமாட்டேன்.

ஜெ.


ஆம்பூர்
25 ஆகஸ்ட் 1987

அன்புள்ள ஜெயாவுக்கு,

நீ போன வாரம் வந்துவிட்டுப் போனதிலிருந்து பாப்பா பஸ்ஸைப் பார்த்தாலே உன் பெயரைச் சொல்கிறாள். பேசாதே என்று எழுதியிருந்தாய், அதனால் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

என் ரிஜெக்ட் இப்போது ஜெபராணியைவிடக் கம்மி. வேகத்தில் எப்போதும் நான்தான் ஜாஸ்தி. ரத்தினசாமி தோளில் தட்டி, "பழைய கை பழைய கைதான்யா" என்றார். ஜெபராணி வந்து கேட்டாள்: "எப்டி சார் இப்டி மாத்திக்கினீங்க? எனக்கும் சொல்லுங்க சார்." பழக்கம்தான் என்றேன். அவள் அதை நம்பிவிட்டாள்.

வெளிநாட்டு ஆர்டர் நிறைய வந்திருப்பதால் யாரையும் இப்போது அனுப்பவில்லை. டிசம்பரில் பார்ப்பார்களாம்.

இன்னொரு சேதி. புது சீசனுக்கு லாட் நம்பரை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே லாட்டை இரண்டாகப் பிரித்து, ஷூவுக்கு மேலே போடும் அப்பர் தோலுக்கு கடைசியில் ஒரு u, உள்ளே போடும் லைனிங் தோலுக்கு ஒரு l போடப் போகிறார்கள். உங்கள் ஆபீசுக்கு மேனேஜர் எழுதுவார்.

ஆபேல்


பெங்களூர்
8 செப்டம்பர் 1987

அன்புள்ள உங்களுக்கு,

மேனேஜர் கடிதம் வந்தது. வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் முடித்தேன். கடைசி எழுத்தை மட்டும் இனி isdigit என்று கேட்காமல் முதலில் islower என்று கேட்கிறேன். சின்ன எழுத்து என்றால் அது u-வா l-ஆ என்று பார்த்து, பிரிண்டில் பக்கத்திலேயே அப்பர், லைனிங் என்று முழு வார்த்தையாக வரும்படி செய்திருக்கிறேன். எழுத்தே இல்லாமல் வந்தால் பழைய லாட், சும்மா நம்பர் மட்டும் வரும். சீனியர் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாயே என்றார். எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை.

இங்கே பக்கத்து மெஸ்ஸில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். அதற்குக்கூடப் பழகிவிட்டேன். உங்கள் இருவரையும் விட்டுவிட்டு இருப்பதற்குத்தான் பழகவில்லை. சண்டை போட்ட பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜெயசீலி


ஆம்பூர்
21 நவம்பர் 1987

ஜெயா,

இதைத் தனியாகப் படி.

பத்து நாளுக்கு முன்னால் இத்தாலியிலிருந்து தந்தி. லைனிங் தோல் கேட்டவனுக்குக் கறுப்புச் சாயம் போட்ட தடித்த தோல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆர்டரையே நிறுத்திவிட்டான். முதலாளி மெட்ராஸிலிருந்து வந்து ஆபீசில் நின்று கத்தினார்.

புது எழுத்துப் போட்டு அனுப்பிய முதல் லைனிங் ஆர்டர் இதுதான். சீட்டில் G427l என்று, கடைசியில் எல் போட்டு இருந்திருக்கிறது. மெஷின் அடித்த பேக்கிங் தாளில் G4271, கடைசியில் ஒன்று. கிடங்கில் 4271 என்று போன சீசனின் பழைய லாட் ஒன்று கிடந்தது. கிடங்குக்காரன் அதைக் கட்டி அனுப்பிவிட்டான். அடித்தது ஜெபராணி.

"எல்லுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்று ரத்தினசாமி கேட்டார். "நான் எல்தான் சார் அடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அப்போ மெஷின் பொய் சொல்லுதா?" என்றார். அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுக்கக்கூட மறந்துவிட்டுப் போனாள். அது என் மேஜைக்கு எதிரிலேயே இருக்கிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காக எல்லோரும் மசூதிக்குப் போய்விட்டார்கள், ரத்தினசாமி சாப்பிடப் போய்விட்டார். நான் மட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்து G427l என்று அடித்தேன். கீயைப் பார்த்து, ஒரே விரலால், சின்ன எல்லைத்தான் அடித்தேன். பிரிண்டில் லைனிங் என்ற வார்த்தை வரவில்லை. சும்மா நம்பர் மட்டும் வந்தது.

அந்த வரி இல்லை என்று எழுது. வேறு ஏதோ கோளாறு என்று எழுது.

ஆபேல்


பெங்களூர்
25 நவம்பர் 1987

அன்புள்ள உங்களுக்கு,

அந்த வரிதான்.

செப்டம்பரில் புதுச் சோதனையை எழுதியபோது அது என் ஞாபகத்திலேயே இல்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று நான் ஒளித்துவைத்த இடத்தில் இருந்தது, நானும் பார்க்கவில்லை. islower என்று நான் கேட்பதற்கு முன்பே அது எல்லை ஒன்றாக மாற்றிவிட்டிருக்கிறது. சோதனை செய்து பார்த்தபோது u போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. l போட்டுப் பார்க்கவில்லை. u வந்தால் l-உம் வரும் என்று நினைத்தேன்.

யாரிடமும் ஒன்றும் சொல்லாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். கஸ்டமருக்குத் தெரியாமல் இப்படி ஒன்றைச் செருகினேன் என்று தெரிந்தால் என்னை நிற்கவைத்தே அனுப்புவார்கள். வேறெங்கும் வேலை கிடைக்காது. உங்களுக்கும் போகும். அப்புறம் பாப்பாவை என்ன செய்வது? நாளைக்கே ஒரு ஃப்ளாப்பி அனுப்புகிறேன். அந்த வரி அதில் இருக்காது. இனி இப்படி நடக்காது.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். கோர்ஸ் படித்தவள்தானே? இங்கே விசாரித்துப் பார்க்கிறேன்.

ஜெயசீலி


ஆம்பூர்
8 டிசம்பர் 1987

ஜெயா,

உன் ஃப்ளாப்பி வந்து, போட்டாகிவிட்டது. இனி என்ன நடந்தது என்று கேள்.

சனிக்கிழமை ஜெபராணி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா பெயர் தேவகிருபை, பீடி சுற்றுகிறவர். ஆபீஸ் வாசலில் நின்று, "எம் பொண்ணு பொய் பேசாது சார். ஒரே ஒரு தபா மெஷினப் போட்டுக் காட்டுங்க. அது தப்புன்னா நாங்க போய்டறோம்" என்றார். ரத்தினசாமிக்கு என்ன தோன்றியதோ, சரி வாங்க என்று உள்ளே கூட்டிப் போனார். ஜெபராணியை உட்காரவைத்து, அடி என்றார். அவள் G427l அடித்தாள்.

பிரிண்டில் பளிச்சென்று லைனிங் என்று வந்தது.

"பாத்தியாம்மா? எல் அடிச்சா மெஷின் எல்லுன்னு சரியாத்தான் சொல்லுது. உம் பொண்ணு ஒண்ணு அடிச்சிருக்கா" என்றார்.

ஜெபராணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாக, "அப்போ நான்தான் தப்பா அடிச்சிட்டனாம்மா?" என்று கேட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அவள் இதுவரைக்கும் தன்னை நம்பிக்கொண்டிருந்தாள் ஜெயா. அதையும் நாம் எடுத்துவிட்டோம்.

நான் அதே அறையில் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். உன் பெயர் வந்துவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வேலைக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே இருக்கிறேன். பாப்பா பின்னாலேயே வந்து, "எங்கப்பா போறோம்?" என்று கேட்கிறாள். திங்கட்கிழமை ரத்தினசாமியிடம் சொல்லப் போகிறேன். நீ வேண்டாம் என்றாலும்.

ஆபேல்


பெங்களூர்
12 டிசம்பர் 1987

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னால் யாருக்கும் புரியாது. மனைவிமேல் பழி போடுகிறார் என்பார்கள், இல்லை, அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசுகிறார் என்பார்கள். வாயால் சொன்னால் போதாது, மெஷினில் காட்ட வேண்டும்.

பழைய ஃப்ளாப்பியின் நகல் என்னிடம் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன், முடியவில்லை. இன்று காலை சீனியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்தார். "முதலில் போய் அதைச் சரிசெய்துவிட்டு வா, மற்றதை அப்புறம் பேசலாம்" என்றார்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலையில் வருகிறேன். ஜெபராணியை ஆபீசுக்கு வரச் சொல்லுங்கள். நீங்களே பேரணாம்பட்டு போய்க் கூப்பிட வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் அவள் அம்மாவிடம் கேட்டதை எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை.

ஜெயசீலி


பெங்களூர்
21 டிசம்பர் 1987

அன்புள்ள உங்களுக்கு,

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த பிறகும் நாம் பேசவில்லை. நீங்கள் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தீர்கள், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேரணாம்பட்டில் அவளிடம் மெஷினில்தான் தப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். மறுபடி சார் முன்னால் அடித்துக் காட்டமாட்டேன், அவர் அறைக்குள் வர வேண்டாம் என்று ஜெபராணி சொல்லிவிட்டதால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

பழைய ஃப்ளாப்பியைப் போட்டேன். "நீயே அடிம்மா" என்றேன். அவள் அடித்தாள், லைனிங் வரவில்லை. மறுபடி அடித்தாள், வரவில்லை. பிறகு புதியதைப் போட்டேன், வந்தது. எங்கே எந்த வரி என்ன செய்கிறது என்று தாளில் எழுதிக் காட்டினேன். கோர்ஸ் படித்தவள் அல்லவா, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டாள்.

"இத யாருக்காகப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்காக."

"அன்னிக்கு எங்கம்மா முன்னாடி நின்னாரே, அப்பவே சாருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ரத்தினசாமி, "சரி, தெரிஞ்சி போச்சு. பொண்ண மறுபடி எடுத்துக்கறேன். முதலாளி காதுக்குப் போவ வேணாம், இத்தோட விட்டுடலாம்" என்றார். ஜெபராணி எழுந்து நின்று, "முதலாளி முன்னாடி தான சார் என்ன வெளிய அனுப்பினீங்க? அவருக்குத் தெரியணும்" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இன்று ஆபீசில் முடிவு சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி நான் புரோகிராம் எழுதக் கூடாது, மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நீங்கள் கேட்டதால்தான் போட்டேன் என்று உங்கள்மேல் கோபப்பட இத்தனை நாள் முயற்சி செய்தேன். முடியவில்லை. கீயைத் தட்டியது என் விரல். நம் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை தூரம் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் அதைக் கேட்டிருக்கமாட்டீர்கள், நானும் செய்திருக்கமாட்டேன் என்று மட்டும் தோன்றுகிறது.

ஜெயசீலி


ஆம்பூர்
10 ஜனவரி 1988

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஜெபராணி புத்தாண்டு முடிந்த திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறாள். முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். போக வரும்போது அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தலையைத் தூக்குவதில்லை. வணக்கம் சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை.

நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். ரத்தினசாமி, "யாரும் உன்ன போவச் சொல்லலயே" என்றார். உண்மைதான். என்னால்தான் இருக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சொன்ன பெங்களூர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை இன்னும் இருந்தால் கேட்டுவை. இல்லையென்றாலும் வருகிறேன். பதினேழாம் தேதி பாப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். சமையலறை உள்ள வீடாகப் பார். வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நசீமுன்னிசா ஒரு வாரமாக ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "குழந்தைக்குத்தான், உனக்கில்ல" என்கிறாள்.

நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஜெபராணி நின்றுகொண்டிருந்தாள். பேரணாம்பட்டு பஸ் வரவில்லை. ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன். "சார்" என்று அவளே கூப்பிட்டாள். அத்தனை நாளுக்கு அப்புறம் அந்தக் குரல்.

"பெங்களூர் போறீங்களாமே. பாப்பாவுக்கு ஸ்கூல் பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

"இனிமேதாம்மா பாக்கணும்" என்றேன். அப்புறம், கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்: "வேலையெல்லாம் எப்டிம்மா போவுது?"

"போவுது சார். காலைல வந்ததும் முதல்ல ஒரே ஒரு சின்ன எல் அடிச்சிப் பாத்துட்டுத்தான் சீட்ட எடுக்கறேன். தினமும்."

பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறி உள்ளே போய்விட்டாள், ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பஸ் திரும்பிப் போகும்வரை நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆபேல்